இரண்டாவது தலை இல்லாத சீலிங்

மாமா,

இன்று காலை நாவலூரில் ஒரு பிளாட்டில் சீலிங்குக்கு மாட்டும் ஜிப்சம் போர்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தூள் மூக்கில் ஏறியதும் உன் சட்டை வாசம் வந்துவிட்டது. வேலை முடிந்து தாம்பரம் பஸ்ஸில் புருஷன் பெண்டாட்டி நாம் இருவரும் மாவில் புரண்ட மாதிரி உட்கார்ந்திருப்போமே, பக்கத்தில் இருப்பவர்கள் முந்தானையை இழுத்துக்கொள்வார்களே, அந்த வாசம். கொஞ்ச நேரம் கையை நிறுத்தினேன். பிறகு தேய்த்தேன்.

நம் வேலை தலையால் செய்த வேலை. சாரத்தில் ஏறி, தலையில் துண்டைச் சுருட்டி வைத்து, போர்டின் ஒரு முனையை நீயும் மறு முனையை நானும் மேலே தொங்கும் கம்பிச் சட்டத்தோடு முட்டி நிறுத்துவோம். அப்போதுதான் ஸ்க்ரூ அடிக்கக் கை கிடைக்கும். நான் குள்ளம் என்பதால் என் காலுக்குக் கீழே மட்டும் கூடுதலாக ஒரு பலகை போடுவாய்.

"இன்னாடி, உன் பக்கம் எறங்கிக்கினே போவுது?"

"நீ பனமரமாட்டம் வளந்துட்டு என்னச் சொல்றியா?"

"வாய்ல முட்டாத. தலையால முட்டு. நல்லா முட்டு."

நெஞ்சு வலி என்று நீ படுத்து, எழுந்திருக்காமலே போன பிறகு, மேடவாக்கம் சைட்டுக்குப் போய் சூப்பர்வைசர் தம்பியிடம் வேலை கேட்டேன். அவர் முகம் பார்த்துப் பேசவில்லை.

"ஒண்டியா நீ இன்னாக்கா பண்ணுவ? பெயிண்டருங்க பின்னாடி பெருக்கிக் குடு. அது போதும்."

"ஒரே ஒரு ஹால் குடு தம்பி. கோணலா இருந்தா தொடப்பத்த நானே எடுத்துக்கறேன்."

லிஃப்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். மூன்று கால், சக்கரம், நடுவில் ஒரு கம்பம். போர்டை அதன் கையில் படுக்க வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் மேலே தூக்கிக்கொண்டு போகும். முன்பு கடையில் அதைப் பார்த்து, "தலை இல்லாதவனுக்குத்தான் இது" என்று நீ சொன்னதும் நானும் சேர்ந்து சிரித்ததும் நினைவிருக்கிறது.

முதல் போர்டு மேலே போய்த் தொட்டது. எனக்கு உன் பேச்சுதான் காதில். நல்லா முட்டு. இனிச் சுற்றாது என்கிற வரைக்கும் சுற்றி ஸ்க்ரூ அடித்தேன். அடுத்த போர்டை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல்கடை ஏற்ற இறக்கம். தொங்கும் கம்பிச் சட்டத்தையே மெஷின் மேலே நெட்டி வளைத்திருந்தது.

தம்பி வந்து அண்ணாந்து பார்த்தார். "இன்னாக்கா, சீலிங்கா மாடிப்படியா?"

பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து யோசித்தேன். நாம் எவ்வளவு முட்டினாலும் ஒரு அளவில் கழுத்து வலிக்கும், நின்றுவிடுவோம். மெஷினுக்குக் கழுத்து ஏது? அதற்கு எங்கே நிற்பது என்று நான்தான் சொல்ல வேண்டும்.

போர்டுகளை இறக்கிச் சட்டத்தை நேராக்கினேன். ஜாயிண்டில் ஒட்டுகிற காகித டேப்பில் ஒரு துண்டு கிழித்து, போர்டின் ஓரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் வால் மாதிரித் தொங்கவிட்டேன். ஒரு கையால் சக்கரம், ஒரு கையால் டேப். இழுத்ததும் சும்மா வந்தால் இன்னும் கொஞ்சம் சுற்று. இழுபட்டு இழுபட்டு வந்தால் நிறுத்து. வராமலே போனால் மீறிவிட்டாய், இறக்கு. இதை நீ சொல்லித்தரவில்லை மாமா. நானாகக் கண்டுபிடித்தது.

வெயில் இறங்குவதற்குள் ஹால் முடிந்தது. தம்பி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நூல் பிடித்துப் பார்த்தார். இன்னொரு தடவையும் பார்த்தார்.

"நாளைக்கு ரெண்டு ரூமையும் நீயே பாத்துக்கோக்கா."

"தொடப்பம்?"

"அத வுடுக்கா."

அதன் பிறகு துடைப்பத்தைப் பற்றி யாரும் என்னிடம் பேசவில்லை. இப்போது லிஃப்டர் என் சொந்தம். கூட ஆள் யார் என்று கேட்பவர்களிடம், "நான்தான் ஆளு" என்று சொல்லிப் பழகிவிட்டது.

ஆனால் ஒன்றை மட்டும் உன்னிடமிருந்து அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் வெறும் தரையில் மல்லாந்து படுத்து, ஒரு குறையாவது கண்ணில் படும்வரை சீலிங்கையே பார்த்துக்கொண்டிருப்பாய். இன்று சாயங்காலம் நானும் படுத்தேன். ஜன்னல் பக்கம் ஒரு ஸ்க்ரூவின் தலை லேசாக வெளியே தெரிந்தது. எழுந்து ஏணியை நகர்த்தினேன்.