மின்னூலைத் தேர்ந்தெடுத்தவள் அச்சு நூல் கேட்கிறேன்

அனுப்புநர்:
சி. மோகனப்பிரியா,
உயர்நிலை நான்கு மாணவி,
மார்சிலிங் டிரைவ், சிங்கப்பூர்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கொன்றை இளையர் வாசிப்பகம்,
லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்.

பொருள்: தமிழ் அச்சு நூல்களை வாசிப்பகத்திலிருந்து அகற்றும் முடிவை நிறுத்திவைத்து, இளைய உறுப்பினர்களிடம் மீண்டும் கருத்துக் கேட்குமாறு வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தொடக்கப்பள்ளிக் காலத்திலிருந்தே நான் தங்கள் வாசிப்பகத்தின் உறுப்பினர். அலுவல் கடிதத்தில் செய்தியை மட்டுமே எழுத வேண்டும், சொந்தக் கதை கூடாது என்று பள்ளியில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இம்மனுவில் அந்த விதியைக் காக்க என்னால் முடியவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. சென்ற ஆண்டு இறுதியில் வாசிப்பகம் இளைய உறுப்பினர்கள் அனைவருக்கும் கைப்பேசி வழியே ஒரு கேள்வி அனுப்பியது. இனி நாங்கள் வாசிக்க விரும்புவது மின்னூலா, அச்சு நூலா என்பதே கேள்வி. ஒன்றை மட்டுமே குறியிட முடியும். நான் மின்னூல் என்று குறியிட்டேன். பெரும்பாலோர் அப்படியே குறியிட்டதால் அச்சு நூல்கள் எடுக்கப்பட்டன என்று வாசிப்பகத்தின் சுவரில் அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. அந்தப் பெரும்பாலோரில் நானும் ஒருத்தி. ஆகவே நான் ஏன் அப்படிக் குறியிட்டேன் என்பதைத் தங்களிடம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

2. என் தம்பி ரித்திக்கிற்குப் பத்து வயது. அவனும் தங்கள் உறுப்பினர்தான். சனிக்கிழமைகளில் அவனை ரயிலில் அழைத்து வருவேன். நியூட்டன் நிலையத்தில் ரயில் மாறும்போதே என் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடுவான். வாசிப்பகத்தில் எத்தனை நாற்காலி இருந்தாலும் தமிழ் அலமாரிக்கு முன்னால் தரையில்தான் உட்காருவான். சரக்குக் கப்பலில் ஊர் ஊராகப் போகும் பூனையின் கதை வரிசை ஒன்று அங்கே இருந்தது தங்களுக்கு நினைவிருக்கலாம். அதன் முதல் புத்தகத்தை அவன் அந்தத் தரையிலேயே வாசித்து முடித்தான். வீட்டில் ஆங்கிலமே பேசிக்கொண்டிருந்த பையன் அன்று தேக்கா உணவங்காடியில் சாப்பிடும்போது அந்தப் பூனையைப் பற்றி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் அவ்வளவு நேரம் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

3. இரண்டாம் புத்தகத்தை எடுக்கும் முன் அவனுக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. பல மாதங்கள் மருத்துவமனையில் கண்ணாடி அடைத்த தனி அறையில் இருந்தான். உடன் இருக்க ஒருவருக்கே அனுமதி என்பதால் எங்கள் தாயார் சங்கீதா வேலையை விட்டுவிட்டு அவனுடன் இருந்தார். பலர் கைபட்ட புத்தகங்கள் அந்த அறைக்குள் போகக் கூடாது. நான் எடுத்துச் சென்ற இரண்டாம் புத்தகத்தைத் தாதி மிகவும் அன்பாகத்தான் திருப்பிக் கொடுத்தார். கிருமி துடைக்கும் துணியால் துடைத்துவிட்டு டேப்லெட் கணினியை மட்டும் உள்ளே விட்டார்கள்.

4. அந்தக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியவை தங்கள் மின்னூல்களே. இதை நன்றியுடன் பதிவு செய்கிறேன். மருந்தால் அவனுக்குக் கண் மங்கும்போது எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். வாந்தி வரும் நாள்களில் அவன் கண்ணை மூடிக்கொள்ள, நான் மார்சிலிங்கில் என் கட்டிலில் இருந்தபடி அதே பக்கத்தைத் திறந்து தொலைபேசியில் வாசித்துக் காட்டுவேன். அவன் தூங்கிவிட்டான் என்று அம்மா சொன்ன பிறகும் சில நாள் அந்த அத்தியாயம் முடியும்வரை வாசித்திருக்கிறேன். தங்கள் கேள்வி எனக்கு வந்தபோது நான் அவன் அறைக்கு வெளியே நடைபாதை இருக்கையில் அமர்ந்திருந்தேன். அன்று மின்னூலைத் தவிர வேறு எதை நான் குறியிட்டிருக்க முடியும்?

5. ஆனால் கதை வரிசையின் நான்காம் நூலை வாசித்துக்கொண்டிருந்தபோது ரித்திக் திடீரென்று நிறுத்தச் சொன்னான். கதை பிடிக்கவில்லையா என்று கேட்டேன். பிடிக்கிறது என்றான். பிறகு அவன் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். “அக்கா, இதுல இன்னும் எவ்ளோ இருக்குன்னு கைக்குத் தெரியல. பெர்சன்ட் மட்டும் காட்டுது. இங்க எல்லாரும் என்கிட்ட நம்பர்தான் சொல்றாங்க.” இரத்த அணுக்களின் எண்ணிக்கை, காய்ச்சலின் அளவு, மருந்தின் அளவு என்று நாள் முழுவதும் எண்களையே கேட்ட பிள்ளை அவன். வெளியே வந்ததும் வாசிப்பகத்திற்குப் போய் நான்காம் புத்தகத்தைக் கையில் எடுத்து அது எவ்வளவு தடிமன் என்று பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அதற்கு முன் அவன் வெளியே வருவதைப் பற்றிப் பேசியதில்லை. அன்றிலிருந்து பேச ஆரம்பித்தான். எந்தச் சட்டை போட்டுக்கொள்வது, ரயிலில் எந்தப் பக்கம் உட்காருவது என்று அம்மாவிடம் திட்டம் போட்டான்.

6. இறைவன் அருளால் ரித்திக் வீடு திரும்பிவிட்டான். முடி மெல்ல வளர்கிறது. கூட்டம் இல்லாத நேரத்தில், முகக்கவசத்துடன் வெளியே போகலாம் என்றும், இனிப் புத்தகங்களைத் தொடுவதில் தடையில்லை என்றும் சென்ற வாரம் மருத்துவர் அனுமதி தந்தார். கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தை அறிய முதலில் நான் மட்டும் வாசிப்பகத்திற்கு வந்தேன். தமிழ் அலமாரி இருந்த இடத்தில் கைப்பேசிகளுக்கு மின்னூட்டம் செய்யும் மேசைகளும் ஒரு பெரிய திரையும் இருந்தன. இடம் மாறி வந்துவிட்டேனோ என்று ஒருமுறை வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

7. முகப்பில் இருந்த நூலக உதவியாளர் திருமதி சம்சுன்னிசா எங்களைச் சிறு வயதிலிருந்தே அறிவார். அவரிடம் கேட்டேன். “நீங்கல்லாம் மின்னூல்தானே வேணும்னு போட்டீங்க லா. அதான்மா எடுத்துட்டாங்க” என்றார். குறை சொல்லும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு, என்னைப் பின்னறைக்கு அழைத்துச் சென்று காட்டினார். நூல்கள் பெட்டிகளில் இடப்பட்டு, பெட்டிகள் ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. மாத இறுதியில் பழைய காகிதமாக அனுப்பப்படும் என்றும், பெட்டியைத் திறக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்றும் கூறினார். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை என்பதைத் தெளிவாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

8. திரும்பும் ரயிலில் எனக்கு அழுகை வந்தது. அப்போதும் என் கையில் இருந்தது தங்கள் மின்னூல்தான். நெரிசலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாசிக்க அதைவிட வசதியானது எனக்கு இல்லை. பள்ளித் தேர்வுக்கும் அதையே நம்பியிருக்கிறேன். எனவே ஐயா, இளையர்களாகிய எங்களுக்கு அச்சு நூல்மீது வெறும் பழைய பாசம் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு நாள் ஒன்று தேவைப்படுகிறது, மறுநாள் மற்றொன்று தேவைப்படுகிறது. ரித்திக்கைப் போல இன்று கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மின்னூல் வேண்டும். அதே பிள்ளை வெளியே வந்ததும் தரையில் உட்கார்ந்து எடுக்க ஒரு புத்தகம் வேண்டும். தங்கள் கேள்வியில் இரண்டும் வேண்டும் என்று சொல்ல இடமே இல்லை. மற்றவர்கள் எக்காரணத்தால் குறியிட்டார்கள் என்பதை நான் அறியேன். என் தெரிவைப் பொறுத்தவரை, அது ஒன்றைக் கேட்டது. மற்றொன்றை எடுத்துவிடச் சொல்லவில்லை.

9. ஆகவே, பெட்டிகளை மாத இறுதியில் அனுப்பாமல் நிறுத்திவைக்கும்படியும், இரண்டையும் தெரிவுசெய்ய இடம் தந்து எங்களிடம் மீண்டும் ஒருமுறை கேட்கும்படியும் பணிவுடன் வேண்டுகிறேன். மேசைகளை அகற்றச் சொல்லவில்லை. சுவரோரம் ஓர் அலமாரி போதும். பெட்டிகளைப் பிரித்து அடுக்க ஆள் வேண்டுமென்றால் பள்ளி விடுமுறையில் நானும் என் வகுப்புத் தோழிகளும் வரத் தயார். மின்னூல்களைக் குறைத்துவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அந்த அறையில் இப்போது வேறொரு பிள்ளை இருக்கும்.

10. அலமாரி இல்லை என்று ரித்திக்கிடம் நான் இன்னும் சொல்லவில்லை. போட்டுக்கொள்ள வேண்டிய சட்டையை எடுத்து நாற்காலியில் வைத்திருக்கிறான். எந்தக் கிழமை போகிறோம் என்று காலையில் எழுந்ததும் கேட்கிறான். தங்கள் பதில் கிடைத்தால் அவனுக்கு ஒரு கிழமையைச் சொல்லிவிடுவேன்.

தங்கள் முடிவை எதிர்நோக்கும் வாசகி,
சி. மோகனப்பிரியா

இடம்: மார்சிலிங்
நாள்: 8 ஆகஸ்ட் 2025