பூசையில் வைத்த பம்ப்

மேல் டிவிசன்,
பசறை.
08.09.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

யசோ எழுதுகிறேன். எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் உங்கள் மருமகள் விதுவுக்குப் போன வாரம் மறுபடி மூச்சிழுப்பு வந்து இரண்டு நாள் பள்ளிக்கூடம் வரவில்லை. பள்ளிக்கூட அதிபரான உங்களுக்கு அது தெரிந்திருக்கும். மாமாவான உங்களுக்குத் தெரியுமோ என்னவோ.

நேரில் கேட்டபோது, "பாடசாலை விஷயம்னா எழுத்துல குடு, யசோ. தங்கச்சின்னு சலுகை காட்டுனதா பேர் வரக்கூடாது" என்றீர்கள். சரி, எழுத்திலேயே தருகிறேன். போனில் சொல்லலாம் என்றால் தோட்டத்து லயத்து வீட்டில் சிக்னல் கிடையாது. கடையில் பேசலாம் என்றால் முதலாளியின் காது என் வாயிலேயே இருக்கிறது.

பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்கில் டாக்டர் அவளுக்கு நீலப் பம்ப் ஒன்று கொடுத்திருக்கிறார். இழுப்பு தொடங்கியதும் வாயில் வைத்து அடிக்க வேண்டும். தூசி, புகை, குளிர் எது வேண்டுமானாலும் கிளப்பிவிடுமாம். அதனால் பம்ப் எப்போதும் பிள்ளையின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீங்களோ பிள்ளைகள் கொண்டுவரும் மருந்தையெல்லாம் காரியாலய அலுமாரியில் பூட்டச் சொல்லிவிட்டீர்கள். யாரோ ஒருவன் கூட்டாளியின் மாத்திரையை டொபி என்று விழுங்கினான் என்பதற்காக என் மகளின் மூச்சை அலுமாரிக்குள் வைப்பதா? இது எந்த ஊர் நியாயம்?

நான் விடியற்காலை பஸ்ஸில் பசறைக்குப் போனால் துணிக்கடையில் நின்று, இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறேன். அவளுடைய அப்பா கொழும்பில். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒன்று என்றால் ஓடிவர இங்கே ஆளில்லை. மாமா இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அனுப்புகிறேன்.

பம்பைக் கவுன் பொக்கெட்டில் வைத்துக்கொள்ள அவளை விடுங்கள். டீச்சர்மாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணி கொடுத்தனுப்பிய பலாக்கொட்டை நன்றாக இருந்தது என்று சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
யசோதினி


ஹாலிஎல,
12.09.2025

அன்புத் தங்கை யசோவுக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, "இது கடிதமா, குற்றப்பத்திரிகையா?" என்று உன் அண்ணி சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே உனக்கு வாய் அப்படித்தான். அப்பா கொடுத்த செல்லம்.

நானூறு பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு சட்டம் போட்டால் அது என் மருமகளுக்கும் சேர்த்துத்தான். அவளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் அபிவிருத்திச் சங்கத் தலைவர் முருகையா அடுத்த நாளே காரியாலய வாசலில் வந்து நிற்பார். ஆனாலும் நீ மனம் வருந்துவாய் என்று ஒரு வழி பார்த்திருக்கிறேன். பொக்கெட்டில் வேண்டாம். பிள்ளைகள் பிடுங்கி விளையாடுவார்கள். புத்தகப் பைக்குள், கொம்பாஸ் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். நான் கண்டும் காணாமல் இருந்துவிடுகிறேன்.

டீச்சர்மாரிடம் நான் சொல்லப்போவதில்லை, நீயும் சொல்லாதே. அவள் பெண் பிள்ளை. தோட்டத்தில் ஒரு வாய்க்குத் தெரிந்தால் மூன்று டிவிசனுக்கும் தெரியும். 'பம்ப் பிடிக்கிற பிள்ளை' என்று பெயர் விழுந்துவிட்டால் நாளைக்கு மாப்பிள்ளை தேடி அலையப்போவது யார்? தாய்மாமன் நான்தானே? விதுவைக் கூப்பிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கெட்டிக்காரி, உடனே தலையாட்டினாள்.

நவராத்திரி வாணி விழாவை இந்த முறை பெரிதாகச் செய்கிறோம். வலயக் கல்விப் பணிப்பாளரை அழைத்திருக்கிறேன். விது கோலாட்டத்தில் இருக்கிறாள். நீ ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்
புவனேந்திரன்


பசறை ஆஸ்பத்திரி,
01.10.2025

அண்ணன் அவர்களுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. விது பிழைத்துவிட்டாள் என்பதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள். எப்படிப் பிழைத்தாள் என்பதை இருந்து கேட்கவில்லை. அதை நான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை எல்லாப் பிள்ளைகளின் பையையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கச் சொன்னது நீங்கள். விஜயதசமி வரைக்கும் புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது வழக்கம். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கொம்பாஸ் பெட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று விது கேட்டிருக்கிறாள். "பேனா பென்சிலும் சாமிக்குத்தான், வைம்மா" என்றிருக்கிறார் வகுப்பு டீச்சர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "ஏண்டி, நீ சொல்ல வேண்டியதுதானே?" என்று இவளிடம் கேட்டேன். "மாமா யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னாரும்மா" என்றாள். உங்கள் வார்த்தையைக் காப்பாற்றத்தான் அண்ணே அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

சாம்பிராணி போட்டுப் பூசையை முடித்தீர்கள். அறையைப் பூட்டிச் சாவியைக் கொத்தோடு எடுத்துக்கொண்டு, மாலை வாங்கப் பதுளைக்குப் போய்விட்டீர்கள். அந்தப் புகையிலிருந்து நேராகக் கோலாட்ட ஒத்திகைக்கு வந்த பிள்ளைக்கு இழுப்பு பிடித்துக்கொண்டது. "டீச்சர், பைல பம்ப்" என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. உப அதிபர் உங்களுக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் உங்கள் பதிலை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

"படைச்சதை நடுவுல எடுக்கக்கூடாது. லேசான இழுப்புதான் அது. வெந்நி குடுங்க, நான் வந்துர்றேன்."

வெந்நீர்! டாக்டர் சொன்னதை எழுத்தில் தந்தேனே, அதில் வெந்நீர் என்று எங்கேயாவது இருந்ததா? பதுளையிலிருந்து நீங்கள் மலை சுற்றி ஏறி வரும்வரை அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டுமா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். அந்தப் பூசாரி என் கூடப்பிறந்தவராக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

பெரியவர்கள் அத்தனை பேரும் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். உடைத்தால் சாமிக் குற்றம், அதற்கு மேலே அதிபர் குற்றம். கணக்குப் படிப்பிக்கிற பஸ்லியா டீச்சரும் முதலில் தயங்கினாராம். "உங்கட சாமி ரூம், நான் தொட்டா பிரச்சினையாகுமோன்னு பயந்துட்டேன்" என்று அவரே என்னிடம் சொன்னார். விதுவின் உதடு நீலமாகத் தொடங்கியதும் அந்தப் பயத்தை விட்டுவிட்டார். விளையாட்டுச் சாமான்களில் கிடந்த இரும்புக் குண்டைத் தூக்கிப் பூட்டில் போட்டு உடைத்தார். உள்ளே போகும் முன் செருப்பைக் கழற்றிப் போட்டாராம், அந்த அவசரத்திலும். பைகளைப் புரட்டிப் பம்பைத் தேடி எடுத்து அடித்துவிட்டு, வாசலில் நின்ற மிப்ரானின் ஆட்டோவில் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நீங்கள் வந்தீர்கள். பிள்ளையின் தலையைத் தடவினீர்கள். வெளியே போனதும் பஸ்லியா டீச்சரிடம், "பூட்டை உடைக்க யாருகிட்ட அனுமதி வாங்குனீங்க?" என்று கேட்டீர்கள். வார்டுக்குள்ளே இருந்த எனக்கு அது கேட்டது அண்ணே. விதுவுக்கும் கேட்டது.

அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். பம்பைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பிறகு பேசலாம்.

யசோதினி


ஹாலிஎல,
07.10.2025

அன்புத் தங்கை யசோவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணிக்குக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அழுதிருப்பாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்துக்கொள். விது என் மடியில் வளர்ந்த பிள்ளை. அவளுக்குக் கெடுதல் வர நான் விடுவேனா? இழுப்புக்கு நம் வீட்டில் எப்போதும் வெந்நீர்தான் கொடுப்பார்கள். அதைத்தான் நானும் சொன்னேன். இவ்வளவு மோசமாகும் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

இப்போது என் தலைவலி வேறு. சரஸ்வதிக்குப் படைத்த அறையை வேறு மதத்து டீச்சர் உடைத்துவிட்டார் என்று முருகையா ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். பணிப்பாளர் வந்த அன்று கதவில் பூட்டே இல்லை. எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? அதனால் பஸ்லியாவிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறேன். பெற்றோர்கள் சேர்ந்து ஒரு மனுவும் எழுதுகிறார்கள், அவரை வேறு பாடசாலைக்கு மாற்றும்படி. நீயும் அதில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளையின் தாயே போட்டுவிட்டால் பிறகு யாரும் என் பக்கம் விரல் நீட்ட முடியாது. ஊருக்காகச் செய்வதுதான். உள்ளே நமக்குள் என்ன இருந்தாலும் வெளியே என்னை விட்டுக்கொடுக்காதே.

பம்பை இனிமேல் அலுமாரியிலேயே வைப்போம். உப அதிபரிடம் இன்னொரு சாவி கொடுத்துவிடுகிறேன். அது போதும்தானே?

தீபாவளிக்கு விதுவுக்குப் பட்டுப் பாவாடை எடுத்திருக்கிறோம். மாம்பழ நிறம். வந்து வாங்கிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அண்ணன்
புவனேந்திரன்


மேல் டிவிசன்,
பசறை.
14.10.2025

அண்ணன் அவர்களுக்கு,

தலைப்பாகையோடு போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். தலை என் மகளுடையது, தலைப்பாகை உங்களுடையது. உங்களுக்கு எது பெரிதாகப் போயிற்று என்பது அடுத்த பக்கத்திலேயே தெரிந்தது.

கையெழுத்துப் போட மாட்டேன். உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். நீங்கள் போனில் சொன்னதையும் எழுதினேன். எழுதும்போது இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட அண்ணன் நீங்கள். ஆனால் என் பிள்ளைக்கு மூச்சு கொடுத்தவருக்கு நான் குழி தோண்டினால் எனக்குச் சோறு இறங்குமா? வேறு மதத்து டீச்சராம்! நம் மதத்து ஆட்கள் கை கட்டி நின்ற இடத்தில் அவர்தானே நம் பிள்ளையைத் தூக்கினார்? முருகையாவுக்கு வெட்கமில்லை என்றால் உங்களுக்குமா இல்லை?

அலுமாரிக்கு இரண்டாவது சாவி வேண்டாம். நூறு சாவி செய்தாலும் அது பூட்டுதான்.

இன்னொரு செய்தி. கோபத்தில் இருந்தாலும் முதலில் உங்களுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும், அது உங்கள் உரிமை. வெள்ளிக்கிழமை விது பெரியவளாகிவிட்டாள். வீட்டுக் காம்பராவின் மூலையில் தனியாக உட்கார வைத்திருக்கிறோம். அடுத்த வீட்டு ரெங்கம்மா அக்கா வேப்பிலையும் இரும்பும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் பம்பை வைத்தேன். "தீட்டு நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டார்கள். இழுப்புக்குத் தீட்டு தெரியாது என்றேன். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். இது என்ன, எப்படிப் பிடிப்பது என்று கேட்கிறார்கள். விது கூச்சப்படாமல் காட்டிக் கொடுக்கிறாள். இனி மாப்பிள்ளை தேடி அலைகிற கவலை உங்களுக்கு வேண்டாம். பம்ப் பிடிக்கிறாள் என்று ஓடுகிறவன் ஓடட்டும்.

இருபத்தாறாம் திகதி ஞாயிற்றுக்கிழமை சடங்கு. தாய்மாமன் மாலை போடாமல் மனையில் உட்கார வைப்பது நம் வழக்கத்தில் இல்லை. விதுவும் நேற்று, "மாமா வருவாருதானேம்மா?" என்று கேட்டாள்.

வாருங்கள் அண்ணே. பட்டும் வேண்டாம், சீரும் வேண்டாம். பஸ்லியா டீச்சரிடம் விளக்கம் கேட்ட கடிதத்தைத் திருப்பி வாங்கிவிட்டு, வெறுங்கையோடு வாருங்கள். உங்களுக்காக இடம் வைத்திருப்பேன். அதைச் செய்ய முடியாதென்றால் வர வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை,
யசோதினி


அதிபர் காரியாலயம்,
24.10.2025

திருமதி யசோதினி விஜேந்திரன்,
மேல் டிவிசன்,
பசறை.

மாணவி வி. விதுர்ஷா, தரம் 6

வலயக் கல்வி அலுவலகத்தின் பணிப்புரைக்கு அமைய, மேற்படி மாணவி தமது சுவாச மருந்தைப் பாடசாலை நேரத்தில் தம்முடன் வைத்திருக்க இத்தால் அனுமதிக்கப்படுகிறார். இது குறித்துச் சகல ஆசிரியர்களுக்கும் அறிவிக்கப்பட்டுள்ளது.

அதே பணிப்புரைக்கு அமைய, ஆசிரியை பஸ்லியாவிடம் கோரப்பட்ட விளக்கம் மீளப் பெறப்பட்டுள்ளது.

26.10.2025 ஞாயிற்றுக்கிழமை நடைபெறவுள்ள தங்கள் மகளின் சடங்கிற்குக் கடமை நிமித்தம் என்னால் சமுகமளிக்க இயலாது என்பதை அறியத்தருகிறேன்.

இவ்வண்ணம்,
வீ. புவனேந்திரன்
அதிபர்