எதிர்த்துப் பேசினால் பத்து மதிப்பெண்

செப்டம்பர் 9, செவ்வாய்

நகல் எடுக்கும் இயந்திரம் இன்று மூன்று முறை நின்றது. மூன்று முறையும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் இந்தப் பள்ளியின் தேர்வு எழுத்தர். விண்ணப்பம் போடுவது, மேசை எண் ஒட்டுவது, விடைத்தாளைக் கட்டி அனுப்புவது, இவ்வளவுதான் என் வேலை. ஆனால் பதினோரு வருடமாக யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். அதனால் இயந்திரமும் என் தலையில்.

நாலாவது முறை கூப்பிட்டது தலைமை ஆசிரியை. என் மகளின் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள், இந்த நாட்டுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கணக்கிலும் அறிவியலிலும் வெளுத்து வாங்குகிறாள். மேல் வகுப்பில் அறிவியல் பிரிவுக்குப் போக ஐந்து பாடத்தில் தேர்ச்சி வேண்டும். இந்த ஊர் மொழியில் பக்கம் பக்கமாக எழுதும் பாடங்களில் தடுமாறுவதால் அவளுக்குத் தேறுவது நாலுதான். வீட்டு மொழியில் ஒரு தேர்வு இருக்கிறதாம், அதை ஐந்தாவதாக எழுத வைக்கலாமாம். "உங்களுக்கும் தமிழ்தானே, நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா?"

ஆகட்டும் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் 10, புதன்

கணவர்: "என்னிக்காவது ஒருநாள் முடியாதுன்னு சொல்லிப் பாரேன். உலகம் நிக்குதான்னு பாப்போம்."

ஆகட்டும் என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

அந்தப் பெண் தன் அம்மாவுடன் அலுவலகத்துக்கு வந்தாள். அம்மாவுக்கு ஒரு ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை. கையெல்லாம் சோப்பு தின்ற வெடிப்பு.

"தேறினா மேல படிக்கட்டும் அக்கா. இல்லைன்னா எங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன், ஆகஸ்ட்ல ரிசல்ட் வந்ததும் சேத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. எனக்கும் துணையா இருக்கும்."

கெட்ட எண்ணமே இல்லை அந்த அம்மாவுக்கு. அதுதான் சங்கடம். "உனக்கு என்ன ஆசை?" என்று பெண்ணைக் கேட்டேன். "அம்மா சொல்றபடிங்க" என்றாள். அவள் மடியில் இருந்த நோட்டைப் பார்த்தேன். அடுத்த வாரத்து அறிவியல் வீட்டுப்பாடம், அடிக்கோடெல்லாம் போட்டு முடித்து வைத்திருக்கிறாள்.

அக்டோபர் 4, சனி

ஒரு பெண்ணுக்கு மட்டும் வகுப்பு நடத்தினால் அவளுக்கும் கூச்சம், எனக்கும் கூச்சம். என் மகளையும் சேர்த்துவிடலாம் என்று பார்த்தேன். வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர்.

"எனக்குத் தமிழ் சுத்தமா வராதும்மா. வராத ஒண்ணை வா வான்னா எங்கேர்ந்து வரும்? நீ உன் வாக்குறுதிய காப்பாத்த என்னை ஏன் பலி குடுக்கறே?" என்றாள். சுத்தமாக வராத தமிழில்.

நான் தேர்வு விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். எழுத்துத் தேர்வு ஒன்று, பேச்சுத் தேர்வு ஒன்று. பேச்சுத் தேர்வு பன்னிரண்டு நிமிடம். மாணவர் ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். தேர்வாளர் வேண்டுமென்றே அதை மறுப்பார். மாணவர் விட்டுக்கொடுக்காமல் வாதாட வேண்டும். அதற்கு மட்டும் பத்து மதிப்பெண். அதை நான் வாய்விட்டுப் படித்ததுதான் தாமதம், வக்கீல் புத்தகத்தைப் பிடுங்கினாள்.

"எதிர்த்துப் பேசினா மார்க்கா? இத்தனை வருஷமா இதை ஓசில பண்ணிட்டிருந்தேனே!"

சேர்ந்துவிட்டாள்.

நவம்பர் 15, சனி

எங்கள் சமையலறை மேசையில் முதல் ஒத்திகை. நான் தேர்வாளர். அந்தப் பெண் எடுத்துக்கொண்ட தலைப்பு: வீட்டுப்பாடம் அவசியம். உலகத்தில் இந்தக் கட்சிக்குப் பேச முன்வந்த ஒரே பிள்ளை இவளாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் பேசினாள் பாருங்கள், எனக்கே கைதட்டத் தோன்றியது. என்ன அழகான தமிழ்!

பிறகு நான் மறுத்தேன். "எனக்கென்னமோ வீட்டுப்பாடமே வேண்டாம்னு தோணுது."

"ஆமாங்க ஆன்ட்டி, வேண்டாம்தான்."

"பிள்ளைங்க விளையாடணும் இல்லையா?"

"ஆமாங்க, கண்டிப்பா விளையாடணும்."

"அப்ப நீ முதல்ல சொன்னது?"

"அது தப்புங்க ஆன்ட்டி."

பத்துக்குப் பூஜ்யம். ஏன் இப்படி என்று கேட்டால், பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார்களாம். எனக்கும் என் அம்மா இதையேதான் சொல்லி வளர்த்தார். விளைவு, நகல் இயந்திரம்.

அடுத்து வக்கீல். வாக்கியத்துக்கு மூன்று சொல் காணாமல் போகிறது. ஆனால் அந்த ஓட்டைத் தமிழை வைத்துக்கொண்டே என்னைப் பிழிந்து காயப்போட்டுவிட்டாள். நடுவில் டீ எடுக்க வந்த அவள் அப்பாவும் சிக்கிக்கொண்டு, டீ இல்லாமலே திரும்பிப் போனார்.

அந்தப் பெண்ணுக்கு "ஆமாங்க" என்று வக்கீல் பெயர் வைத்துவிட்டாள். அதற்கும் அவள் "ஆமாங்க" என்றாள்.

நவம்பர் 29, சனி

வாத்தியார் இப்போது வக்கீல்தான். நான் டீ போடுகிறேன். இன்றைய பயிற்சி: அப்பா அபத்தமாக ஏதாவது சொல்வார், ஆமாங்க அதை மறுக்க வேண்டும்.

"சூரியன் மேற்கில உதிக்குது" என்றார் அவர், தொண்டையைச் செருமிக்கொண்டு.

ஆமாங்க வெகுநேரம் யோசித்தாள். "நீங்க பாத்த அன்னிக்கு மேகமூட்டமா இருந்திருக்குமோ அங்கிள்?"

வக்கீல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

டிசம்பர் 13, சனி

வெற்றி! எழுதி வைக்க வேண்டிய நாள்.

கணவர் பேருந்து ஓட்டுநர். டீ குடித்துக்கொண்டே, திடீரென்று பிரேக் போட்டால் பயணிகள் எல்லாரும் பின்னால் சாய்வார்கள் என்றார்.

"இல்லைங்க அங்கிள்."

எல்லாரும் ஆமாங்கவைத் திரும்பிப் பார்த்தோம். அவளே திடுக்கிட்டுப் போயிருந்தாள். ஆனால் நிறுத்தவில்லை. "முன்னாலதான் விழுவாங்க. பஸ் நின்னாலும் உடம்பு போயிட்டேதாங்க இருக்கும்."

"இருபது வருஷமா பஸ் ஓட்டறேன்மா நான்."

"உங்களுக்குப் பின்னால நடக்கறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

பயிற்சிக்காக வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதாக இவர் இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறார். எனக்குத் தெரியாதா இவரை.

ஜனவரி 17, சனி

பெண்ணின் அம்மாவிடமிருந்து போன்.

"அக்கா, என் பொண்ணு என்னை எதிர்த்துப் பேசறா! நான் துணி மடிக்கிற முறையே சரியில்லையாம். நடுவுல மடிச்சு அப்புறம் ஓரத்தைச் சேக்கணுமாம்."

"சரியாத்தான் சொன்னாளா?"

"நேத்து வேலையில அப்படித்தான் மடிச்சேன், சீக்கிரமே முடிஞ்சுது. ஆனா பேச்சு அது இல்ல அக்கா. எதிர்த்துப் பேசறாளே! நான் இனிமே அனுப்பல."

என் நாக்கில் "ஆகட்டும்" வந்து நின்றது. விழுங்கினேன். வேறு எதுவும் தோன்றாமல், இது பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, பத்து மதிப்பெண் என்றேன்.



"பாடத்துல இருக்கா? அப்ப சரி. பரீட்சை வரைக்கும் பேசட்டும். முடிஞ்ச அன்னிக்கே நிறுத்திடணும், நீங்கதான் பொறுப்பு."

இதற்கு மட்டும் ஆகட்டும் என்றுவிட்டேன். என்ன தைரியமோ.

ஏப்ரல் 21, செவ்வாய்

ஐயோ. என்ன காரியம் பண்ணிட்டேன்.

நிதானமாக எழுதுகிறேன். பேச்சுத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்தார். வெள்ளை மீசை, சாந்தமான முகம். பார்த்தாலே எழுந்து நிற்கத் தோன்றும். முதலில் வக்கீல். சொந்தப் பிள்ளை என்பதால் நான் உள்ளே இருக்கக் கூடாது, நூலகர் இருந்தார். கதவு மூடியிருந்தும் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. வெளியே வந்த தேர்வாளர் ஒரு குவளைத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "யார் வீட்டுப் பொண்ணும்மா இது?" என்றார். நான் சுவரில் இருந்த கால அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து ஆமாங்க. இப்போது ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்துக்கொள்ள நான் உள்ளே. வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் விதி. அவள் அழகாக ஆரம்பித்தாள். தேர்வாளர் மறுத்தார். "பாவம், ஏழு மணி நேரம் ஸ்கூல்ல படிச்சிட்டு வர்ற பிள்ளைக்கு வீட்டிலயும் பாடமா? அது நியாயமே இல்லையே."

"ஆமாங்க" என்று ஒரு குரல் கேட்டது.

அவள் குரல் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சொன்னது நான்.

கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தேர்வாளர் என்னைப் பார்த்தார். அவளும் திரும்பினாள். "ஆன்ட்டி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள். பிறகு அவரிடம், "இல்லைங்க ஐயா" என்றாள்.

"வகுப்புல ஒரு கேள்விய நான் இந்த ஊர் மொழியில புரிஞ்சுக்கறதுக்குள்ள மத்தவங்க பதிலே சொல்லி முடிச்சிடறாங்க. எனக்குத் தெரிஞ்ச பதிலா இருந்தாலும் அப்படித்தாங்க. வீட்டுலதான் யாரும் என்னை முந்திக்கிட்டுப் பதில் சொல்றதில்ல. வீட்டுப்பாடம்தாங்க ஐயா எனக்கு வகுப்பு."

அவர் இன்னும் நாலு விதமாகக் கேட்டுப் பார்த்தார். நாலுக்கும் "இல்லைங்க"தான். நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அழுகை பதிவாகாது என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 22, புதன்

இடையூறு அறிக்கை அனுப்ப வேண்டுமாம். அந்தப் படிவத்தை அடுக்கி வைப்பதே நான்தான், பதினோரு வருடத்தில் ஒன்றுகூடச் செலவானதில்லை. இடையூறு செய்தவர்: தேர்வு எழுத்தர். அறிக்கை தருபவர்: தேர்வு எழுத்தர். மீண்டும் நிகழாமலிருக்க எடுத்த நடவடிக்கை — என்ன எழுத? மாணவியே எடுத்துவிட்டார் என்று எழுதினேன்.

பதிவு செல்லுமா செல்லாதா என்பது முடிவோடுதான் தெரியும். செல்லாமல் போனால் என் வாயால் அந்தப் பெண் சலவைக்குப் போவாள். என் ஒரு ஆமாங்கவால்.

மே 14, வியாழன்

எழுத்துத் தேர்வு. ஆமாங்க கூடுதல் தாள் கேட்டாள், இரண்டு முறை. கொடுத்தேன். தேர்வு முடியும்வரை வாயில் மிட்டாய் வைத்திருந்தேன்.

ஜூன் 6, சனி

பெண்ணின் அம்மா: "பரீட்சை முடிஞ்சு மூணு வாரமாச்சு அக்கா. இன்னும் நிறுத்தலையே?"

ஆகஸ்ட் 20, வியாழன்

தேர்வு எழுத்தருக்கு முடிவு முதலில் வந்துவிடும். கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாக அடித்தேன். பதிவு ஏற்கப்பட்டது. தமிழில் அவளுக்கு மிக உயர்ந்த தரம். ஐந்து பாடம். வக்கீலுக்கு அதற்கு ஒரு படி கீழே, மறுமதிப்பீடு கேட்டு எழுதியும் போட்டுவிட்டாள்.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

சேர்க்கைக்கு அவளோடும் அவள் அம்மாவோடும் நானும் போனேன், மொழிபெயர்க்க. மேல் வகுப்புப் பொறுப்பாளர் பட்டியலில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வந்து ஐந்தாவதில் நிறுத்தினார். "இது இவள் வீட்டில் பேசும் மொழிதானே? தெரிந்ததை எழுதியிருக்கிறாள். இதை எப்படி ஒரு பாடமாக எடுத்துக்கொள்வது? குழந்தைகள் காப்பகப் பயிற்சியில் இடம் இருக்கிறது. அது இவளுக்குச் சுலபமாக இருக்கும்." அன்பாகத்தான் சொன்னார். சிரித்தபடி என்னைப் பார்த்தார். எல்லாரும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே என்னைப் பார்ப்பார்கள்.

எனக்குத் தெரியும், என் வாய் திறந்துவிட்டது.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு பொறுப்பாளரிடம், இந்த ஊர் மொழியில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்துப் பேசினாள். "இல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை." அவர் ஏதோ சொல்ல வந்தார். "நான் இன்னும் முடிக்கவில்லை" என்றாள். "இந்த ஊர்ப் பிள்ளைகளும் வீட்டில் பேசும் மொழியில்தான் தேர்வு எழுதுகிறார்கள். அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறீர்களே?"

பென்சில் நின்றது. அவர் மறுபடி என்னைப் பார்த்தார். "நீங்கள் தேர்வு எழுத்தர். விதி என்ன சொல்கிறது?"

"எந்த மொழி என்று விதி கேட்கவில்லை. ஐந்து என்றுதான் கேட்கிறது" என்றேன். என் குரல்தானா அது?

அறிவியல் பிரிவு. கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம்.

தாழ்வாரத்தில் அவள் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "என்ன அக்கா பேசினா அவர்கிட்ட?" ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். தன் கை வெடிப்புகளைத் தடவிக்கொண்டார். முன்னால் போய்க்கொண்டிருந்த மகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்த வேண்டாம் அக்கா. பேசட்டும்."

செப்டம்பர் 8, செவ்வாய்

தலைமை ஆசிரியை கூப்பிட்டார். இந்த வருடம் ஏழு பிள்ளைகளாம், நாலு வீட்டு மொழிகளாம். ஆகட்டும் என்றேன். இந்த முறை யோசித்துவிட்டுச் சொன்னேன்.

நகல் இயந்திரம் மதியம் நின்றது. வழக்கம்போல் கூப்பிட்டார்கள். முடியாது, எனக்கு வேலை இருக்கிறது என்றேன்.

உலகம் நிற்கிறதா என்று பார்த்தேன். அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம்தான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.