இறங்கி வருகிறவனுக்கே வழி

ருவான்வெல்லை, ஜூன் 1953

அன்புள்ள அப்பாவுக்கு வேலாண்டி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

சரக்குப் படகில் சுக்கான் பிடிக்கப் பழகுகிறேன். நேற்று ஒரு வேடிக்கை. நம் பொகவந்தலாவை மலை ரோட்டில் மேடேறும் லொறிக்குத்தானே வழி? அந்த நினைப்பில், களனி ஆற்றை எதிர்த்து ஏறிய நான் விலகவில்லை. எதிரே வந்த படகு உரசிப் போனது.

"ஏறுறவன்தான் விலகோணும். எறங்கி வாறவனால நிக்க ஏலாது!" என்று எங்கள் படகை நடத்தும் தண்டல் மரியான் கத்தினார்.

என் பழைய கம்பளியை அனுப்புங்கள். நம் ஊர்ப் பேச்சுப் பேச இங்கே ஆளில்லை.

நம் மலைத் தண்ணீர்தான் இங்கே வருகிறது. காலையிலிருந்து செம்மண்ணாக ஓடுகிறது. தேயிலைச் செடிகள் வேரோடு மிதந்து போகின்றன. அப்பா, நம் லயத்து வீடுகளுக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவு இறங்கினால் நிற்காது. கம்பளி வேண்டாம். இதைக் கண்டவுடன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சரிவுக்கு எட்டாத கோயிலுக்குப் போய்விடுங்கள்.

தபால்காரர் அவசரப்படுகிறார். இந்தக் கடிதம் மேடேறித்தான் வர வேண்டும்.

உங்கள் மகன்
வேலாண்டி