தூரம் என்று சொன்னாய் அம்மா

பௌர்ணமி அன்று வாசல்படி தாண்டும்போதே செருப்பை உதறிவிடும் என் அம்மாவுக்கு,

போன பௌர்ணமிக்கு நானும் மலையைச் சுற்றும் பாதைக்குப் போயிருந்தேன். நீ இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டாய். "பாதி வழியிலயே ஆட்டோ தேடுவியே, உனக்கு எதுக்குடி கிரிவலம்?" என்று கேட்டிருப்பாய். இந்த முறையும் நான் சுற்றவில்லை அம்மா. உன் பேத்தி யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவ்வளவு கூட்டத்தில் ஒரு நர்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எதற்கு என்று சொல்வதற்கு முன்னால் உன்னைப் பற்றிய ஒரு விஷயம். நீ போன பிறகுதான் பக்கத்து வீட்டு கோமதி அக்கா அதை என்னிடம் சொன்னாள்.

உனக்கு மாதவிலக்கு நின்று சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரு பௌர்ணமிக்குத் திடீரென்று நீ கிளம்பவில்லை. அப்பா கேட்டதற்கு முட்டி வலி என்றாய். கோமதி அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறாய்.

"மறுபடியும் தூரமாயிட்டேன்டி. இந்த வயசுல இன்னாடி இந்தக் கூத்து?"

"உனக்கு வயசு கம்மியாயினே வருதுக்கா. மாமாவ உஷாரா இருக்கச் சொல்லு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அவளால் அழுகையை அடக்க முடியவில்லை.

மாதவிலக்குக்கு நம் வீட்டில் இருந்த ஒரே வார்த்தை அதுதானே. தூரம் என்றால் விளக்கைத் தொடக்கூடாது, மலையைச் சுற்றக்கூடாது. நீ ஒழுங்காகக் கடைப்பிடித்தாய். அடுத்த பௌர்ணமிக்கும் போகவில்லை, அதற்கடுத்ததற்கும் போகவில்லை. வாய்விட்டு "ரத்தம் வருது" என்று சொல்லியிருந்தால் கோமதி அக்கா பயந்து உன்னை அன்றைக்கே இழுத்துக்கொண்டு போயிருப்பாள். தூரம் என்று சொன்னதால் அவளுக்கு அது பயப்படுகிற விஷயமாகவே படவில்லை. உனக்கும் படவில்லை, இல்லையா?

கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார் டாக்டர். "நின்னு போனப்புறம் ரத்தம் வந்தா உடனே வரணும்னு உங்க ஊரு நர்ஸம்மா யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். நீ என் முகத்தைப் பார்த்தாய். நம் ஊர் நர்ஸ் மாறிப்போய், அந்த இடத்துக்கு ஆள் போடாமலே இருந்த சமயம் அது. பக்கத்து ஊர் நர்ஸ்தான் நம் ஊரையும் சேர்த்துப் பார்த்தார். கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்து முடிப்பதற்குள் அவருக்குப் பொழுது போய்விடும். பிள்ளை பெற்று முடித்த உன்னிடம் நின்று பேச யார் இருந்தார்கள் அம்மா?

இப்போது என் விஷயம். திட்டாதே.

கொஞ்ச நாளாக எனக்கு மாதத்தின் நடுவில் ரத்தம் படுகிறது. இவரிடம் சொன்னேன். "உங்கம்மாவுக்கு அப்பிடி ஆச்சுல்ல, முதல்ல போய் பாத்துடு" என்றார். மறுநாளே இங்கிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்கும் சிஸ்டர் ஊசி முகாமுக்குப் போயிருந்தார். மறுபடி போனேன். வேறொரு ஊரில் ஆள் இல்லை என்று அங்கே அனுப்பியிருந்தார்கள்.

"வேற யாரும் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கிறதே நாங்க ரெண்டு பேரும்மா. நான் பிரசவ ரூமை வுட்டு நகர முடியாது. அந்த டெஸ்ட் எடுக்கப் படிச்சினு வந்தது அவங்க மட்டுந்தான்" என்றார் இன்னொரு சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள். நான் யாரைக் குறை சொல்வது?

டவுனுக்கும் போனேன். லேடி டாக்டர் அவசர ஆபரேஷனில் இருந்தார். யாழினி பசியில் அழ ஆரம்பித்தாள். காத்திருந்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் அத்தை விடுவார்களா? "ஆளே இல்லாத ஆஸ்பத்திரிக்கு எத்தினி வாட்டிடி போவ? எல்லாம் சூடு. வெந்தயத்த ஊற வெச்சு குடி. காலேஜ் படிச்சா இல்லாத வியாதியெல்லாம் வரும்போல கீது."

வெந்தயமும் குடித்தேன் அம்மா. பயத்தில் எதைக் கொடுத்தாலும் குடித்திருப்பேன்.

மூன்றாவது தடவை போனபோது, அந்த சிஸ்டருக்குக் கிரிவலப் பாதை மருத்துவ முகாமில் பௌர்ணமி டூட்டி என்றார்கள். அங்கேயே போய்ப் பிடித்துவிடலாம் என்று கிளம்பிவிட்டேன். நீ அத்தனை வருஷம் வெறுங்காலோடு நடந்த பாதையில், எல்லாரும் போகிற திசைக்கு எதிர்த்திசையில் நடந்தேன். "சாமி சுத்துற பக்கம் தெரியாதா?" என்று ஒருவர் அதட்டினார்.

ஒரு பந்தலுக்குள் அந்த சிஸ்டர் யாருடைய பாதத்துக்கோ கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தது.

"இன்னாம்மா, முள்ளு குத்திச்சா? மயக்கமா?"

காதோரம் குனிந்து சொன்னேன். உன்னைப் பற்றியும் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அடிப்பாவி. இதுக்காடி இவ்ளோ தூரம் வந்த?"

தூரம் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நம் வீட்டில் அது என்ன வார்த்தை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"இங்க மாத்திரையும் கட்டுத்துணியுந்தான் கீது. செவ்வாக்கிழமை அங்க வா. எங்க டூட்டி போட்டாலும் காலைல இருந்துட்டுத்தான் போவேன்" என்றார்.

சொன்னபடி இருந்தார். அத்தையும் கூட வந்தார்கள், யாழினியைப் பார்த்துக்கொள்ள. பரிசோதனையைப் பற்றி நான் எவ்வளவோ கற்பனை செய்திருந்தேன். வினிகர் மாதிரி ஒரு தண்ணீரைத் தொட்டு வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பார்த்தார். கூச்சமாக இருந்தது. வலி என்று பெரிதாக இல்லை. இது ஒன்று கிடைக்காமலா நீ செத்துப்போனாய் என்று படுத்துக்கொண்டே நினைத்தேன்.

"ஒரு இடம் வெள்ளையா தெரியுது. கேன்சர்னு நீயா முடிவு கட்டாத. பல பேருக்கு அப்பிடித் தெரியும். பெரிய டாக்டர் லென்ஸ் வெச்சுப் பாத்துதான் சொல்லணும். டவுனுக்கு எழுதித் தரேன், போவாம இருந்துடாத."

வெளியே அத்தை என் முகத்தையே பார்த்தார்கள். "வலிச்சுதா?" என்றார்கள். இல்லை என்றேன். புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு சிஸ்டரிடம் போய், "ஏம்மா, எங்கள மாதிரி வயசானதுங்களுக்கும் பாப்பியா?" என்றார்கள். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை.

"பாக்காம? நீங்கதான் முதல்ல வந்திருக்கணும். ஆனா இப்ப முகாமுக்கு ஜீப் நிக்குதும்மா. அடுத்த செவ்வாக்கிழமை கண்டிப்பா வாங்க."

அடுத்த செவ்வாய் அத்தை விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்து, கல்யாண வீட்டுக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டார்கள். போனால் அந்த அறைக்கதவு பூட்டியிருந்தது. சிஸ்டரை ஒரு மாதத்துக்கு வேறு ஊருக்குப் போட்டுவிட்டார்களாம். பஸ்ஸில் அத்தை அந்தப் புடவை மடிப்பையே நீவிக்கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலில், "இனிமே என்னக் கூப்புடாதடி" என்றார்கள். அத்தை வாய் ஓயாமல் திட்டியபோதெல்லாம் எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

டவுனில் அந்தப் பெரிய டாக்டர் வாரத்தில் ஒரு நாள்தான் பார்க்கிறாராம். நாளை அந்த நாள். யாழினி தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்து என்ன சொல்வார்? ஒன்றும் இல்லை என்பாரா? சீக்கிரம் வந்துவிட்டாய் என்பாரா? உன்னிடம் யாரும் சொல்லாமல் போன வாக்கியம் அதுதான் அம்மா. அதையாவது எனக்குச் சொல்லட்டும்.

இன்று சாயந்திரம் யாழினி என் துணியில் கறையைப் பார்த்துவிட்டு "இது இன்னாம்மா?" என்று கேட்டாள். அத்தை வாசலிலிருந்து, "அம்மா தூரம்டி, கிட்ட போவாத" என்று குரல் கொடுத்தார்கள். நான் குழந்தையை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். "ரத்தம் யாழி. அம்மாவுக்கு ரத்தம் வருது. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டப் போறேன்" என்றேன். அத்தை உள்ளே எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "காலைல எத்தினி மணி பஸ்ஸு?" என்று கேட்டார்கள்.

நாளை டாக்டர் என்ன சொன்னாலும் பாதியில் எழுந்து பஸ் ஏறமாட்டேன். சிஸ்டர் எந்த ஊரில் இருந்தாலும் தேடி, அத்தையைக் கூட்டிப்போவேன். அந்தப் பழைய வார்த்தையை உன் பேத்திக்கு நான் சொல்லித்தர மாட்டேன். அவளுக்கு ரத்தம் வந்தால், ரத்தம் என்றே அவள் சொல்வாள். இது உன் மேல் சத்தியம்.

உன் வயிற்றில் பிறந்த மூத்தவள்,
யாழினிக்கு அம்மா,
செல்வி