கோள்சொல்லி வீட்டுக்கு வந்த நாள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோருக்கும் உடம்பு நலம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். என் மனம்தான் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்காரவில்லை, அதனால்தான் தபாலுக்குக் காத்திராமல் இதைப் போனிலேயே அனுப்புகிறேன். அணுமின் நிலையப் பாதுகாப்பு அதிகாரி ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் சொன்னது இது: உன் தம்பி மேல் போன மாதம் பட்ட கதிர்வீச்சு வழக்கத்தைவிட ஆறு மடங்கு, காரணம் தெரியும்வரை அவன் உலைக் கட்டடத்துக்குள் போகக்கூடாது.

முதல் உலை ஓடத் தொடங்கியபோது நீ மூன்றாம் வகுப்பு. கதிர்வீச்சை அளக்கும் சட்டைப்பை அட்டைக்குக் கோள்சொல்லி என்று நாங்கள் பெயர் வைத்ததும் அப்போதுதான், பட்டதையெல்லாம் மேலிடத்தில் போட்டுக்கொடுத்துவிடுமே. வேலை முடிந்தால் அதை வாசல் பலகையில் மாட்டிவிட்டுத்தான் வரவேண்டும். அந்த வாசலில் இருபத்தெட்டு வருடம் காவல் நின்று, ஆட்களின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து அனுப்பியவன் நான். முதல் உலையை மூடிவிட்டார்கள். இரண்டாவதில் இப்போது எரிபொருள் மாற்றுகிறார்கள், அதோடு சேர்ந்த வால்வு பழுதுபார்க்கும் வேலையை முடித்தால்தான் தம்பிக்கு வேலை நிரந்தரம்.

போன மாதம் எனக்கு இதய ஸ்கேன் எடுத்தார்களே, அன்று அவன் வேலையிலிருந்து நேராக மருத்துவமனைக்கு ஓடி வந்தான். ஸ்கேனுக்காக உடம்பில் கதிரியக்க மருந்து ஏற்றியிருந்தார்கள். காரில் எனக்குக் குளிர, தன் கோட்டைப் போர்த்திவிட்டான், வீட்டிலும் மாலைவரை நான் அதைக் கழற்றவில்லை. வந்த அவசரத்தில் அவன் பலகையில் மாட்ட மறந்த கோள்சொல்லி அதன் பையில் இருந்திருக்கிறது. என்னிடமிருந்து வந்ததை அவன் பெயரில் சொல்லிவிட்டது. உன் அம்மா விடுவாளா, "ஊர்ல உள்ளவன் பையெல்லாம் தட்டினீங்க, நீங்க போட்டிருந்த கோட்டைத் தட்டலையே" என்றாள்.

உண்மையைச் சொன்னால் அட்டையை வெளியே கொண்டுவந்த குற்றம், சொல்லாவிட்டால் படாத கதிர்வீச்சு ஆயுசுக்கும் அவன் பெயரில். அவனோ, "அந்த வாசல்ல உங்க பேரு கெடவேண்டாம்பா, சும்மா இருங்க" என்றான். சும்மா இருக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு ஸ்கேன் சீட்டையும் நடந்ததை எழுதிய தாளையும் அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். தம்பிக்குத் தெரியாது, மாலை வந்ததும் நானே சொல்கிறேன், அதற்குள் அவன் கூப்பிட்டால் நீ வாய் திறக்காதே. உனக்கு எப்போதும் என் ஆசி உண்டு, நேரத்துக்குச் சாப்பிடு. விசாரணை முடிவு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்றார்கள், அன்று போனைக் கையிலேயே வைத்திரு.

உன் அப்பா