பங்கு போட்ட மாளிகை

காலினாவின் அப்பாவுக்கு,

குழந்தை கிடைத்துவிட்டாள் என்று மட்டும்தான் போனில் சொன்னேன். எங்கே கிடைத்தாள் என்று சொல்லவில்லை.

விவாகரத்தின்போது வார்சா நகர நடுவில் நிற்கும் அந்த உயரமான கலாச்சார மாளிகையைக்கூட நாம் விட்டுவைக்கவில்லை; அவளைக் கூட்டிப்போகும் இடங்களைப் பங்கு போட்டோம். நீச்சல்குளம் எனக்கு. பொம்மலாட்ட அரங்கும் டைனோசர் எலும்புகளும் உனக்கு. உன் முகத்தில் விழிக்க வேண்டாமே என்றுதான், நீச்சல் முடிந்ததும் அவளை நீ காத்திருக்கும் அரங்க வாசலுக்குத் தனியாக நடக்கவிட்டேன். உனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இன்று அவள் வந்து சேரவில்லை என்று போனில் கத்தினாய். நீ அரங்கிலும் அருங்காட்சியகத்திலும் ஓடினாய், நான் குளத்திலும் சினிமாக் கூடத்திலும் ஓடினேன். ஒரே கட்டடத்துக்குள் பிள்ளையைத் தொலைத்துவிட்டு, அப்போதும் சேர்ந்து தேட நமக்குத் தோன்றவில்லை.

லிஃப்ட்காரம்மாதான் என்னை நிறுத்தினார். "அப்பா மேல நிக்கிறார்னு சொல்லுச்சும்மா. தெரிஞ்ச பொண்ணாச்சேன்னு ஏத்திவிட்டேன்."

நீ கீழே இருந்தாய்.

முப்பதாவது மாடியில், ஊரைப் பார்க்கும் திறந்த மாடத்தில், அந்தக் காற்றில், ஈரத் தலையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெல்லப் போய்ப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன்.

"இங்க ஏண்டி வந்தே?"

"அப்பா சொல்வாரே, ஊர்லயே இங்கேர்ந்து பாத்தாதான் இந்த மாளிகை கண்ணுல படாதுன்னு."

இந்த மாளிகையைப் பிடிக்காத ஊரே சொல்லிச் சிரிக்கும் ஜோக். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கும் அதைப் பாக்கப் பிடிக்கலம்மா."

அடுத்த செவ்வாய் அவள் நீச்சல் முடியும்போது குளத்து வாசலுக்கே வா. நான் ஒளிந்துகொள்ள மாட்டேன்.

அவளுடைய அம்மா